அரைப் பேர்

6 அக்டோபர் 2025, திங்கள். இன்று ஒரு தவறு. லினக்ஸ் கணினியில் சுரங்க வாசலுக்குப் பதினாறு எழுத்து வரை பெயர் வைக்கலாம் என்று இந்துவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பதினைந்துதான் வைக்கலாம். பதினாறாவது இடத்தை, பெயர் இங்கே முடிந்தது என்று தனக்குத் தெரிவதற்காகக் கணினி எடுத்துக்கொள்கிறது. பாடத்தில் பதினாறு என்று இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டேன், அடுத்த வரியைப் படிக்கவில்லை. சின்னத் தவறுதான்.

எழுதி முடித்து இரண்டு தரம் படித்துப் பார்த்த சப்ரின், கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டாள். தவறு சின்னதா பெரிதா என்று சொல்ல வேண்டியவள் இந்து. அந்த ஓர் எழுத்துக்காக மன்னவனூர் மருந்தகத்தில் கணினி முன்னால் விழித்துக்கொண்டு நின்றவள் அவள்தானே.

சப்ரினுக்குப் பகலெல்லாம் கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கத்தில் இருக்கும் அத்தாவின், அதாவது அப்பாவின், கடையில் சோலி. யூக்கலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் விற்கிற கடை. சாயங்காலமானால் பேக்கரி மாடியில் நடக்கும் நெட்வொர்க் வகுப்புக்குப் போய்விடுவாள். வகுப்பு முடிந்து வந்ததும், அன்றைக்குக் கற்றது எது, தப்பாய்ப் புரிந்துகொண்டது எது என்று டைரியில் எழுதாமல் சாப்பிட உட்கார மாட்டாள். கற்றது பெரும்பாலும் நாலு வரியில் முடிந்துவிடும். தப்பு மட்டும் மறுபக்கத்துக்கும் ஓடும். "தன் குத்தத்தைத் தானே விசாரிச்சுத் தானே தீர்ப்புச் சொல்ற கோர்ட்டு எங்க வீட்டுல இருக்குப்பா" என்று அவளுடைய அத்தா சுல்தான், வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வகுப்பில் சப்ரினுக்குப் பக்கத்து இருக்கைதான் இந்துவுக்கு. பேத்துப்பாறைக்காரி. பகலில் அம்மா சின்னத்தாயோடு பீன்ஸ் எடுக்கப் போவாள், வேலை முடிந்ததும் கை கழுவிக்கொண்டு பஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். அவளுடைய அப்பா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். குறிப்பெடுக்கும் பழக்கமெல்லாம் இந்துவுக்குக் கிடையாது. கேட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். சப்ரின் குறிப்பெடுப்பாள், இந்து அதை வாங்கிப் படிப்பாள். இப்படித்தான் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள்.

இந்த வாரம் இந்துவுக்கு ஒரு சோதனை. கொடைக்கானலிலும் பேத்துப்பாறையிலும் மன்னவனூரிலும் இலவச மருந்தகம் நடத்துகிற ஒரு தொண்டு நிறுவனம், தன் மூன்று இடத்துக் கணினிகளையும் பார்த்துக்கொள்ள மலையிலேயே இருக்கிற ஆளாகத் தேடியது. பொறுப்பு டாக்டர் ரோகிணியிடம் இருந்தது. சான்றிதழைக்கூடக் கேட்காமல் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "மூணு இடத்தையும் சேர்த்துக் குடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் இங்க உட்கார்ந்து மன்னவனூர்ல இருக்கிற நோயாளியைப் பார்க்கணும். முடிஞ்சா வேலை உனக்கு."

முடியாவிட்டால் திருப்பூர். பெரியம்மா மகள் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் இந்துவுக்கும் சேர்த்து ஹாஸ்டலில் இடம் சொல்லி வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். சின்னத்தாய் பையைக்கூட வாங்கி வைத்துவிட்டாள். போக மாட்டேன் என்று இந்து வீட்டில் சொல்லவில்லை, சொல்லிப் பயனுமில்லை. "வெள்ளிக்கெழம தேறிட்டா அந்தப் பையில உருளைக்கெழங்கு போட்டு வச்சுக்கலாம்" என்று சப்ரினிடம் மட்டும் சொன்னாள்.

மூன்று கணினிகளையும் சேர்ப்பது என்றால் நடுவில் கம்பி இழுப்பதில்லை. இன்டர்நெட் எல்லாரும் நடக்கிற பொதுச் சாலை. அதற்குள்ளேயே பிறர் எட்டிப் பார்க்க முடியாதபடி ஒரு சுரங்கம் போட்டுவிடலாம். மண்ணைத் தோண்டாத, எழுத்தாலேயே போடுகிற சுரங்கம். அதன் வாய் ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு வாசலாகத் திறக்கும், அந்த வாசலுக்கு ஒரு பெயர் உண்டு. 'மன்னவனூருக்குப் போகிறதெல்லாம் இந்த வாசல் வழியாகப் போ' என்று கணினிக்குச் சொல்ல அந்தப் பெயர்தான் வேண்டும்.

ஆனால் பெயர் விஷயத்தில் மூன்று கணினிகளும் மூன்று குணம். பேத்துப்பாறையில் இருந்த விண்டோஸ் தாராளக்காரன். நடுவில் இடம் விட்டு எழுதினாலும், நீளமாய் எழுதினாலும், தமிழிலேயே எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். மன்னவனூரில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு லினக்ஸ் பெட்டி. அதற்கு நாம் பெயர் வைக்கலாம், ஆனால் அளந்துதான் வைக்க வேண்டும். கொடைக்கானல் அலுவலகத்தில், யாரோ ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய மேக். அது நம்மைப் பெயர் வைக்கவே விடாது. utun என்று தானே ஒரு பெயரைப் போட்டு, பக்கத்தில் ஓர் எண்ணையும் ஒட்டிக்கொள்ளும்.

திங்கட்கிழமை மன்னவனூரிலிருந்து இந்து போன் செய்தபோது அத்தா தொழப் போயிருந்தார். கடையில் சப்ரின் மட்டும் இருந்தாள்.

"ஏ புள்ள, நீ எழுதிக் குடுத்த பேரை இது வாங்க மாட்டேங்குது."

"kodai-mannavanur தானே? நடுவுல கோடு போட்டியா?"

"கோடும் போட்டாச்சு, கும்பிடும் போட்டாச்சு. நீளம் நீளம்னு கத்துது."

சப்ரின் தைலப் பாட்டில்களைத் தள்ளி வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். பதினாறு வந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று பாடத்தைப் புரட்டியபோதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. முகம் சுட்டது. "என் தப்புதான் இந்து. பதினஞ்சுதானாம். கடைசி ரெண்டு எழுத்தை வெட்டிரு. ரொம்ப சாரிடி."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

"ஏ புள்ள, இப்ப என்னாச்சு தெரியுமா? ஊரை வெட்டிப்புட்டு ராசாவை மட்டும் வச்சிருக்கோம். கோடை மன்னவன்!"

சப்ரினுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் எழுத்து. அதைச் சரிபார்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டோமே என்ற உறுத்தல், கடைக்கு வந்த இரண்டு பேருக்குத் தைலத்துக்குப் பதில் வேறெதையோ எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு அவளைப் பிடித்து ஆட்டியது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இந்து வகுப்புக்கு வரவில்லை. மன்னவனூரிலிருந்து திரும்புகிற பஸ் தாமதம். செய்தி மட்டும் வந்தது: "மன்னவனூருக்கு இன்னைக்கு அரைப் பேருதான் புள்ள. என்னன்னு தெரியல."

சப்ரின் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அரைப் பெயர். வெட்டிய பெயர். தான் வெட்டச் சொன்ன பெயர். டாக்டர் பார்க்கப்போகிற திரையில் மன்னவனூர் என்று முழுசாக இல்லாமல் பாதியாக நிற்கிறது போலும். அதைத்தான் இந்து நாசூக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். 'எது பாதி? எங்கே பாதி?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குற்றம் தன்னுடையது என்று ஆன பிறகு கேள்வி கேட்பது சாக்குச் சொல்வதுபோல அவளுக்குப் பட்டது. "என் தப்புதான். நான் சரி பண்றேன்" என்று பதில் போட்டாள். இந்துவிடமிருந்து மறுசெய்தி இல்லை. அந்த மலைப்பாதையில் பாதித் தூரத்துக்கு சிக்னல் கிடைக்காது.

புதன்கிழமையும் அதே செய்தி. "இன்னைக்கும் அரைப் பேரு. பாண்டிச்செல்வி அக்கா மொகமே சரியில்ல." பாண்டிச்செல்வி மன்னவனூர் மருந்தகத்து நர்ஸ்.

அதற்குமேல் சப்ரினால் பொறுக்க முடியவில்லை. சாயங்காலம் வகுப்புக் கணினியிலிருந்தே, இந்து கொடுத்து வைத்திருந்த சாவியைக்கொண்டு சுரங்கம் வழியாக மன்னவனூர்ப் பெட்டிக்குள் நுழைந்தாள். வெட்டுப்பட்ட பெயரை எடுத்துவிட்டு, கோடையை விட்டு, mannavanur என்று ஊரை முழுசாக வைத்துவிடலாம். பத்தே எழுத்து. இம்முறை மூன்று தரம் எண்ணினாள். பெயர் மாற்ற வேண்டுமென்றால் முதலில் வாசலை மூட வேண்டும், பிறகு பெயர் மாற்ற வேண்டும், பிறகு திறக்க வேண்டும். வரிசையாகத் தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். முதல் கட்டளையைத் தட்டினாள். வாசல் மூடியது.

திரை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டாவது கட்டளை தட்டினாள், ஓர் எழுத்துகூட விழவில்லை. வகுப்பு நடத்துகிற மகாதேவி மேடம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"எந்த வழியா உள்ள போனே?"

"சுரங்கம் வழியாத்தான் மேடம்."

"மூடினது?"

சப்ரினின் விரல் தாளில் முதல் வரிக்குப் போனது. உள்ளே வந்த அதே வாசல்.

"உக்காந்திருந்த கொப்பையே வெட்டிட்டியேம்மா" என்றார் மகாதேவி. குரலில் கோபமில்லை. "நானும் ஒருவாட்டி பண்ணிருக்கேன். மதுரைக்கு பஸ் ஏறிப் போய்த் திறந்துட்டு வந்தேன்."

அந்த ஆறுதல் சப்ரினின் காதில் ஏறவில்லை. அன்றைக்கு டைரியில் அவள் எழுதியது எல்லாமே மறுபக்கம்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் கடை வாசலில் வந்து நின்ற இந்துவின் தலையிலும் தோளிலும் பனி ஈரம் பிடித்திருந்தது. வெள்ளனே மன்னவனூருக்கு முதல் பஸ்ஸில் போயிருக்கிறாள். பெட்டி செத்துக் கிடந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகியதும், பழைய பெயரோடேயே எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்திருக்கிறாள்.

"நேத்து ராத்திரி என்ன பண்ணித் தொலைச்சே? அந்தப் பெட்டிச் சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதானே இருக்கு?"

"சாயங்காலம்" என்று திருத்திவிட்டு, திருத்தியதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள் சப்ரின். "பேரை மாத்தப் போனேன். நீதானே அரைப் பேரா இருக்குன்னு சொன்னே?"

"ஆமா, சொன்னேன்."

"அதான் முழுப் பேரா வைக்கலாம்னு..."

"முழுப் பேரை நீ எங்கேயிருந்து வைப்ப? நீ என்ன தோட்டத்துக் கணக்கப்பிள்ளையா?"

கல்லாவில் இருந்த சுல்தான்தான் நடுவில் புகுந்தார். "ஏம்மா, ரெண்டு பேரும் வேற வேற சந்தையில நின்னு ஒரே காயை வெலை பேசுறீங்க போல. அது என்ன அரைப் பேரு?"

இந்துவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட கடவுளே. பேருன்னா எங்க வீட்டுல ஒரு நாள் வேலை, அத்தா. அப்பா பொறந்த தேயிலைத் தோட்டத்து லயத்துல அப்பிடித்தான் சொல்லுவாங்களாம். காலையில பெரட்டுல, ஆள் எண்ணுற எடத்துல, பேர் பதிவாகும். சொன்ன அளவு கொழுந்து எடுத்தா முழுப் பேரு, எடுக்கலன்னா அரைப் பேருதான் போடுவாங்க. எங்கம்மா இப்பவும் சாயங்காலம் வந்தா, 'இன்னைக்கு உங்க அப்பனுக்கு அரைப் பேருதாண்டி'ன்னுதான் சொல்லும். நான் சொன்னது அந்தப் பேரு. மன்னவனூர் லைன் பாதி நாள்தான் வேலை செஞ்சுச்சு. காலையில ஓடுது, மத்தியானத்துக்கு மேல படுத்துக்குது. செவ்வாயும் அப்பிடித்தான், புதனும் அப்பிடித்தான்."

சப்ரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப பேர் பாதியா இருக்கிறது..."

"அது பாட்டுக்குக் கெடக்கு. அதனால ஒரு கேடும் இல்ல."

"நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாந்தான்" என்றாள் இந்து. கோபம் பாதி இறங்கியிருந்தது. "உனக்கு உன் தப்பைத் தேடுறதுல இருக்கிற அவசரம் இருக்கே, அதுல நான் சொல்றது காதுலயே விழுறதில்ல. நான் 'தலைவலிக்குது'ன்னா, 'ஐயோ நான் என்ன பண்ணினேன்'ம்பே. என் தலை, என் வலி, அதுல நீ எங்கடி வந்தே?"

சுல்தான் சத்தமாகச் சிரித்தார். சப்ரினுக்குக் கண் கலங்கியது. ஆனால் அந்தக் கலக்கத்தோடேயே ஒன்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இந்து இரண்டு நாளாக அவளுக்கு அனுப்பியது குறையல்ல, துப்பு. காலையில் ஓடுகிறது, மத்தியானம் படுக்கிறது. பெயரின் நீளம் மத்தியானத்தில் மாறப்போவதில்லை. அப்படியானால் மத்தியானத்தில் மாறுவது எது?

"கரண்டு" என்றாள்.

"என்ன?"

"இந்த வாரம் பூரா கம்பியில உரசுற கொப்பை வெட்டுறாங்கன்னு மத்தியானம் கரண்டு போகுதுல்ல? மன்னவனூர்லயும் போகுதா, இங்க மட்டுந்தானா?"

"அங்க இல்ல. இங்கதான்." இந்து நிமிர்ந்தாள். "ஆபீஸ்ல யு.பி.எஸ். செத்துப் பல மாசமாச்சு. கரண்டு போனா மேக்கும் போகும். வந்ததும் கிளார்க் போட்டு விடுவாரு."

"அத்தா, நான் போயிட்டு வரேன்."

"வெரசாப் போ. கோர்ட்டு இன்னைக்கு லீவு" என்றார் சுல்தான்.

மூஞ்சிக்கல் பக்கம் இருந்த மருந்தக அலுவலகத்துக்கு இருவரும் போய்ச் சேர்ந்தபோது கரண்டு போய் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பேத்துப்பாறை லைன் நன்றாக ஓடியது. மன்னவனூர்ப் பெட்டியும் கூப்பிட்டால் பதில் சொன்னது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற பாண்டிச்செல்வியின் கணினி மட்டும் கிடைக்கவில்லை. அது சுரங்கத்தை நேராகத் தொடாத கணினி. அதற்குப் போகிற வழியை மேக்கில் இந்து தன் கையாலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: மன்னவனூர் மருந்தகத்துக்குப் போகிறதெல்லாம் utun4 வழியாகப் போ.

"எழுதும்போது நாலுதானே இருந்துச்சு?"

"நாலேதான். உன் குறிப்புலதான் இருக்கே, 'திரையில் தெரிகிற பெயரைப் பார்த்து எழுதவும்'னு. பார்த்தேன், எழுதினேன்."

சப்ரின் மேக்கில் வாசல்களின் பட்டியலைத் திறந்தாள். இந்து குனிந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"நாலு இருக்கு. ஆனா இது நம்மளது இல்லையே, நம்ம முகவரி இதுல இல்ல. இதோ, நம்ம முகவரி அஞ்சுல இருக்கு! காலையில நாலா இருந்தவன் இப்ப அஞ்சாயிட்டான்."

மேக்குக்குள் அதன் சொந்த வேலைக்கென்றே சில வாசல்கள் உண்டு. இயந்திரம் எழுகிறபோது யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு முன் எண். காலையில் ஆற அமர எழுந்தால் சுரங்கத்துக்கு நாலாம் எண் கிடைத்தது. கரண்டு வெட்டி, ரௌட்டரும் மேக்கும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எழுந்த மத்தியானங்களில் வேறு யாரோ நாலைப் பிடித்துக்கொண்டார்கள். இந்து எழுதிய வரியோ, நாலு யாராக இருந்தாலும் சரி என்று, மன்னவனூருக்குப் போக வேண்டியதையெல்லாம் அந்த அந்நியனிடம் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப இது பேரே இல்ல" என்றாள் இந்து. "ஆஸ்பத்திரி டோக்கன். நேத்து நாலாம் டோக்கன்காரனுக்கு எழுதின மருந்தை இன்னைக்கு நாலாம் டோக்கன்காரன் வாயில ஊத்தியிருக்கேன்."

"நான்தான் குறிப்புல..."

"ஆரம்பிச்சிட்டியா?"

சப்ரின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். குறிப்பில் தப்பு இருந்தது நிஜம். அதை ராத்திரி டைரியில் எழுதிக்கொள்ளலாம். இப்போது திரையைப் பார்க்க வேண்டும். "டோக்கனைப் பார்க்கக்கூடாதுன்னா, ஆளை எதை வச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறது?" என்று சத்தமாகவே யோசித்தாள்.

"முகவரியை வச்சு. நான் இப்ப அப்பிடித்தானே கண்டுபிடிச்சேன்?"

"அதையே மேக்கையும் செய்யச் சொல்லிருவோம். முதல்ல நம்ம முகவரி எந்த வாசல்ல இருக்குன்னு தேடட்டும். கிடைச்ச வாசலுக்கு வழி போடட்டும். நம்பர் எதுவா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்."

சப்ரினின் கை விசைப்பலகைக்குப் போனது. இந்து அதைத் தட்டிவிட்டாள். "நீ சொல்லு. நான் அடிக்கிறேன். நாளைக்கு டாக்டர் முன்னாடி உக்காரப்போறது நான்."

ஒரு வரி நாலு வரியானது. முதல் முறை ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனது. இரண்டாம் முறை, சுரங்கம் எழுவதற்கு முன்பே தேடிவிட்டு, 'அப்படி ஒருவரும் இல்லை' என்று கைவிரித்தது. ஆள் வரும்வரை காத்திருந்து தேட வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தார்கள். பிறகு மேக்கின் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்கள். அலுவலகக் கிளார்க் சுப்புராஜ், "ஏம்மா, அது என்ன கோயில் மணியா, இழுத்து இழுத்து விடுறீங்க?" என்று எழுந்து வந்துவிட்டார். ஒருமுறை நாலு வந்தது. ஒருமுறை ஆறு வந்தது. இரண்டு முறையும் பாண்டிச்செல்வியின் கணினி தானாக வந்து சேர்ந்தது. போனில் அவள் சொன்னாள்: "இருக்கும்மா, இருக்கு. சும்மா சும்மா கேக்காதீங்க, ஊசி போட்டுக்கிட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை. சுல்தான் கடையைப் பூட்டிக்கொண்டு ஜும்மாத் தொழுகைக்குப் போனார். சப்ரின் அலுவலகத்துக்குப் போனாள். கரண்டு வழக்கம்போல நண்பகலில் போய் வந்துவிட்டது, லைன் எழுந்துவிட்டது. இனிப் பயமில்லை என்று இந்து முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் ரோகிணி சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ம், கூப்பிடு" என்றார். மன்னவனூர் திரையில், ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே ஒரு புண், ஆறவில்லை. பாண்டிச்செல்வி கட்டை அவிழ்த்து, கையைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ரோகிணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துல... ஆங். சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு பார்த்தீங்களா?"

அந்தப் பெண் வாயைத் திறந்தார். அறை இருண்டது. கரண்டு இரண்டாம் முறையாகப் போய்விட்டது.

வெளியே தெருவில் யாரோ, "அந்தக் கொப்பையும் வெட்டிரு, கையோட" என்று கத்துகிற குரல் கேட்டது. ரோகிணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. என்ன விட்டுப்போனது, எந்த வரியில் இன்னும் தப்பு இருக்கலாம் என்று சப்ரினின் மனசு பழைய தடத்திலேயே ஓடத் தொடங்கியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். இந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கரண்டு வந்தது. சுப்புராஜ் பொத்தானை அழுத்தினார். மேக் சோம்பல் முறித்து எழுந்தது. ரௌட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. இந்து விசைப்பலகையைத் தொடவில்லை. திரையில் மன்னவனூர் வந்தது. அந்தப் பெண் அதே இடத்தில், அதே கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா, கையை எறக்கலாங்களா? வலிக்குது" என்றார்.

ரோகிணி வாய்விட்டுச் சிரித்தார். "இறக்குங்கம்மா, இறக்குங்க. யாரும் தூக்கியே வச்சிருக்கச் சொல்லலையே."

பார்த்து, மருந்து சொல்லி, அடுத்தடுத்து இன்னும் மூன்று பேரைப் பார்த்து முடித்த பிறகுதான் அவர் இந்துவின் பக்கம் திரும்பினார்.

"சுப்புராஜ் சொன்னார், ஏதோ நம்பர் மாறுற தகராறுன்னு. இப்ப என்ன நம்பர்ல ஓடுது?"

"பார்க்கல டாக்டர்" என்றாள் இந்து.

"பார்க்கலையா?"

"பார்க்க வேண்டியதில்லீங்க. எதுல இருந்தாலும் அதுவே தேடிக்கும்."

ரோகிணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே, "மூணு மாசம் பார்ப்போம். திங்கக்கிழமை வெள்ளனே வந்துரு. பேத்துப்பாறை கம்ப்யூட்டர் தினமும் ஏதோ அப்டேட்டுன்னு சொல்லிட்டு நிக்குது. முதல்ல அதைப் பாரு" என்றார். வாசல்வரை போனவர் நின்று, சப்ரினைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்... குறிப்பெடுக்கிறவ" என்றாள் சப்ரின்.

"இவ இல்லன்னா நான் இல்லீங்க" என்றாள் இந்து. "ஆனா இவ இல்லன்னா ஒரு நாள் முன்னாடியே முடிச்சிருப்பேன். ரெண்டும் உண்மை."

ரோகிணி போன பிறகு இந்து வெளியே போய் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். சின்னத்தாய் தோட்டத்தில் இருந்தாள்போலும், கத்திப் பேச வேண்டியிருந்தது. "இல்லம்மா, போகல. போகலன்னு சொல்றேன்ல. பெரியம்மா கிட்ட நீயே சொல்லிரு... ஏம்மா அழுவுறே, இதுக்குமா அழுவுவே?" பேசிக்கொண்டே அவள் சப்ரினுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். சப்ரின் உள்ளே போய், சுப்புராஜிடம் துடைப்பம் கேட்டு வாங்கி, பிளக் பாயிண்டுக்குக் கீழே சேர்ந்திருந்த தூசியைப் பெருக்கத் தொடங்கினாள். இந்து ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி அவள் எழுதியது:

10 அக்டோபர், வெள்ளி. இந்துவுக்கு வேலை கிடைத்தது. மேக்கில் சுரங்க வாசலின் எண் நிலையானது அல்ல. திரையில் தெரிகிற பெயரைப் பார்த்து எழுதவும் என்று குறிப்பில் எழுதியது தவறு, வகுப்பில் என் குறிப்பை நகல் எடுத்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். இந்து செவ்வாய்க்கிழமை சொன்னதை நான் கேட்கவில்லை. அவள் சொன்ன சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். இதைத் தப்பு என்று எழுதுவதா, கற்றது என்று எழுதுவதா என்று தெரியவில்லை. கற்றது பக்கத்திலேயே எழுதுகிறேன்.

நாளை, சனி: காலையில் கடை. மத்தியான பஸ்ஸில் பேத்துப்பாறை போய் இந்துவோடு அந்த விண்டோஸ் கணினியின் அப்டேட்டைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் வகுப்பில் ஐந்து பேரிடமும் நகலை வாங்கி, மேக் பற்றிய வரியைத் திருத்திக் கொடுக்க வேண்டும்.